தண்ணீரில் கால் வைத்த நாளை எழுதி வையுங்கள்: வடசென்னைக்கான எலிக்காய்ச்சல் வழிகாட்டி

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. டிசம்பர் 4 அன்று வியாசர்பாடியில் முழங்கால் தண்ணீரில் பால் வாங்கப் போன ஒருவருக்கு எலிக்காய்ச்சல் வருவதாக இருந்தால், அது பெரும்பாலும் டிசம்பர் 9-க்கும் 18-க்கும் இடையில் ஆரம்பிக்கும். அரிதாக ஜனவரி 3 வரைகூடத் தள்ளிப்போகும். அதற்குள் வெள்ளம் வடிந்து, வீடு கழுவி, நிவாரணமும் வாங்கியாகியிருக்கும். காய்ச்சலையும் அந்தத் தண்ணீரையும் யாரும் முடிச்சுப்போட மாட்டார்கள். டாக்டரும் கேட்கவில்லை என்றால் விஷயம் 'வைரல் ஃபீவர்' என்ற பெயரில் நான்கு நாள் ஓடிவிடும்.

அந்த நான்கு நாள்தான் எல்லாமே. இந்த நோய்க்கான மருந்து பழையது, மலிவானது, எந்த அரசு மருத்துவமனையிலும் கிடைப்பது. உயிர் போவதற்குப் பெரும்பாலும் தாமதம்தான் காரணம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நாள் கணக்கை வைத்தே போகும்.

கிருமி எங்கே இருக்கிறது

லெப்டோஸ்பைரா ஒரு பாக்டீரியா. மிக மெல்லிய சுருள், நுனியில் கொக்கி போன்ற வளைவு. சாதாரண மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குப் படாது. எலி, பெருச்சாளியின் சிறுநீரகத்தில் தங்கிக்கொள்ளும். எலிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மாதக்கணக்கில் சிறுநீரில் கிருமியை விட்டுக்கொண்டே இருக்கும். மாடு, ஆடு, பன்றி, நாய் வழியாகவும் வரும். 'எலிக்காய்ச்சல்' என்ற பெயரால் மற்ற விலங்குகளை நாம் மறந்துவிடுகிறோம். வீட்டில் எலியே இல்லை என்பதற்காக இந்த நோயை ஒதுக்கிவிட முடியாது.

ஈரமும் நிழலும் இருந்தால் சேற்றிலும் தேங்கிய நல்ல தண்ணீரிலும் இது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலில் காய்ந்தால், சோப்பு பட்டால், குளோரின் பட்டால் செத்துப்போகும். கடல் உப்பும் ஆகாது. எனவே காசிமேட்டில் கடலில் இறங்கும் மீனவருக்கு அந்த உப்புத் தண்ணீரால் ஆபத்து குறைவு. அதே ஆள் வலையைக் கழுவும் சந்தில் தேங்கியிருக்கும் மழைத்தண்ணீர்தான் கவலை. ஓட்டேரி நல்லா என்ற கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைத் தெருக்கள், கொடுங்கையூர் குப்பைக்கிடங்கைச் சுற்றிய பகுதி, புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி (இறைச்சிக்கூடம்), மாதவரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் என்று பட்டியல் நீளும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து ஜனவரி பாதி வரை இந்தச் சந்தேகம் எப்போதும் தலையில் இருக்க வேண்டும்.

கிருமி உடம்புக்குள் போக ஆழமான காயம் தேவையில்லை. சேற்றுப்புண், குதிகால் பித்தவெடிப்பு, செருப்புக் கடித்த இடம் போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். நெடுநேரம் தண்ணீரில் நின்று தோல் வெளுத்து ஊறினாலும் வழி திறந்துவிடும்.

முதல் படி: காய்ச்சல்காரரைப் பாருங்கள், கேளுங்கள்

திடீரென்று குளிர் நடுக்கத்தோடு அதிகக் காய்ச்சல், நெற்றியைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி. இதுவரை டெங்குவுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் இரண்டு இடத்தில் தெரியும்.

ஒன்று கெண்டைக்கால். நோயாளியைப் படுக்கவைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, ஆடுசதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். டெங்குவில் 'எல்லா இடமும் வலிக்குது' என்பார்கள். எலிக்காய்ச்சலில் காலைச் சட்டென்று இழுத்துக்கொள்வார்கள். சிலருக்கு எழுந்து கழிவறை வரை நடக்கவே முடியாது. இடுப்பும் வலிக்கும்.

இன்னொன்று கண். கீழ் இமையை இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை விழியில் நரம்பெல்லாம் செக்கச்செவேல் என்று எழும்பி நிற்கும். பீளை இருக்காது, கண்ணீர் வழியாது, உறுத்தலும் பெரிதாக இருக்காது. 'மெட்ராஸ் ஐ' என்றால் பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். சிவப்பு உண்டு, பீளை இல்லை, கூடவே காய்ச்சல் என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் இந்தச் சிவப்பு வராது என்பதையும் மனதில் வையுங்கள். இல்லாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது.

பிறகு மூன்று கேள்வி. கடந்த 30 நாளில் மழைத்தண்ணீர், சாக்கடை, சேற்றில் இறங்கினீர்களா, எந்தத் தேதி? காலில் புண் இருந்ததா? மாடு, ஆடு, நாய், இறைச்சி, எலித்தொல்லை உள்ள கிடங்கு, இவற்றில் எதோடு வேலை? பதிலை ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீண்ட வரிசையில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். எழுதிய தாள் அங்கே பேசும்.

செய்யக்கூடாத ஒன்று உண்டு: மெடிக்கல் ஷாப்பில் காகிதக் கவரில் மடித்துத் தரும் 'செட் மாத்திரை'. அதில் வலி மாத்திரை, ஸ்டீராய்டு, ஏதோ ஓர் ஆன்டிபயாட்டிக் ஒரு வேளைக்கு எல்லாம் கலந்திருக்கலாம். காய்ச்சல் ஒரு நாள் இறங்கி ஏமாற்றும். ஏற்கெனவே அடிவாங்கிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை டைக்ளோஃபினாக் வகை வலி மருந்து இன்னும் கெடுக்கும். கிருமியைத் தேடும் பரிசோதனையையும் அந்த அரைகுறை ஆன்டிபயாட்டிக் குழப்பிவிடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும்.

இரண்டாம் படி: எந்த நாளில் எந்தப் பரிசோதனை

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. காய்ச்சலின் மூன்றாம் நாள் 'லெப்டோ டெஸ்ட்' எடுத்து, நெகட்டிவ் என்று வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த டெஸ்ட் பெரும்பாலும் ஐ.ஜி.எம். அது கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடுகிறது. அது ரத்தத்தில் தெரிய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். மூன்றாம் நாள் நெகட்டிவ் எதையும் சொல்லாது.

முதல் வாரத்தில் கிருமி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது பயன்படுவது ரத்தத்தில் பி.சி.ஆர்., அதாவது கிருமியின் மரபணுவையே தேடும் பரிசோதனை. ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயில், முடிந்தால் முதல் வேளை ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே எடுக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் கிருமி ரத்தத்தை விட்டு சிறுநீருக்கு இறங்கிவிடும். அப்போது சிறுநீரில் பி.சி.ஆர்., ரத்தத்தில் எலைசா என்ற முறையில் ஐ.ஜி.எம்.

உறுதி செய்யும் பரிசோதனை 'மேட்'. நோயாளியின் சீரத்தை உயிருள்ள லெப்டோஸ்பைராவோடு கலந்து, கிருமிகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்கின்றனவா என்று இருட்டுப்புல மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் சந்தேகமே இல்லை. உயிருள்ள கிருமியை வளர்த்து வைத்திருக்க வேண்டும் என்பதால் எல்லா லேபிலும் நடக்காது. மாதவரம் பால்பண்ணையில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்த நோய்க்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மனித நோயைப் பிடிக்க மாட்டாஸ்பத்திரி அறிவு தேவைப்படுவதில் வியப்பில்லை, நோயே அங்கிருந்து வருவதுதான். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். படுக்கையில் இருப்பவருக்கு அதனால் பயனில்லை.

பாசிட்டிவ்விலும் ஒரு சிக்கல். ஐ.ஜி.எம். சிலருக்கு மாதக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். வருடாவருடம் சாக்கடைத் தண்ணீரில் நடப்பவருக்கு அது பழைய தொற்றின் நிழலாகவும் இருக்கலாம். எனவே மற்ற ரிப்போர்ட்டுகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அந்த மற்ற ரிப்போர்ட்டுகள் எளியவை, எங்கும் கிடைப்பவை, அன்றே வந்துவிடுபவை. ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி.யில் பிளேட்லெட் குறைந்திருந்தால் உடனே டெங்கு என்று முடிவுகட்டுவார்கள். வெள்ளணு எண்ணிக்கையைப் பாருங்கள். டெங்குவில் அது பொதுவாகக் குறையும், எலிக்காய்ச்சலில் ஏறும், அதுவும் நியூட்ரோஃபில் வகை. கல்லீரல் ரிப்போர்ட்டில் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் தாறுமாறாக ஏறி, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள் பெரும்பாலும் 200-ஐத் தாண்டாமல் மிதமாக இருக்கும். வைரஸ் மஞ்சள்காமாலையில் அவை ஆயிரங்களைத் தொடும். தசை சிதைவதால் சி.பி.கே. என்ற தசை நொதி ஏறும். சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறும், சிறுநீரில் புரதம் தெரியும். மலேரியாவுக்கு ரத்தத்தடவலும் கட்டாயம், வடசென்னையில் மலேரியா புதிதல்ல. விடால் டெஸ்டில் 1:80 என்று வந்ததை வைத்து 'டைபாய்டு' என்று முத்திரை குத்தி ஒரு வாரம் வீணாவது இங்கே வாடிக்கை.

இதையெல்லாம் கூட்டிப் பார்க்க மதிப்பெண் முறை ஒன்று உண்டு. ஃபெய்ன் அளவுகோல் என்று பெயர். மழையையும் சுற்றுப்புறத்தையும் கணக்கில் சேர்க்கும்படி 2004-ல் அதைத் திருத்தியது சென்னை மருத்துவர்கள். ஓர் உதாரணம்: காய்ச்சல் 2, தலைவலி 2, காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டியது 2, கண் சிவப்பு 4, தசைவலி 4. மழைக்காலம் 5, அசுத்தத் தண்ணீர்த் தொடர்பு 4, விலங்குத் தொடர்பு 1. மொத்தம் 24. லேப் இல்லாமலே 26 வந்திருந்தால் எலிக்காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்வார்கள். 20 முதல் 25 வரை 'இருக்கலாம்'. இந்த 24-ஓடு ஐ.ஜி.எம். எலைசா பாசிட்டிவ்வின் 15 சேர்ந்தால் 39. லேபையும் சேர்த்துக் கூட்டும்போது 25 வந்தாலே போதும் என்பதால் இங்கே விவாதத்துக்கு இடமில்லை.

மூன்றாம் படி: ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்து

ரத்தம் எடுத்த கையோடு மருந்து தொடங்கிவிட வேண்டும். கீழே உள்ள அளவுகள் டாக்டரின் சீட்டைப் புரிந்துகொள்வதற்காக. தானே வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

மஞ்சள், மூச்சுத்திணறல், சிறுநீர்க் குறைவு எதுவும் இல்லாத பெரியவருக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி., காலை ஒன்று இரவு ஒன்று, 7 நாள். அது ஒத்துக்கொள்ளாதவருக்கு அசித்ரோமைசின் 500 மி.கி. தினம் ஒன்று, 3 நாள். கர்ப்பிணிக்கு டாக்சிசைக்ளின் தவிர்த்து அமாக்சிசிலின் 500 மி.கி., தினம் மூன்று வேளை, 7 நாள். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் அமாக்சிசிலின்தான் வழக்கம், எடைக்குக் கணக்குப் போட்டு, கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 50 மி.கி., பிரித்துக் கொடுப்பார்கள்.

டாக்சிசைக்ளினைச் சாப்பிடும் முறையில் பலர் தவறுகிறார்கள். சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். அடுத்த நாள் நெஞ்செரிச்சல் தாங்காமல் மருந்தையே நிறுத்திவிடுவார்கள். பால், இரும்புச்சத்து மாத்திரை, ஜெலுசில் போன்ற நெஞ்செரிச்சல் மருந்துகளோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து ரத்தத்தில் சரியாக ஏறாது. இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். வெயிலில் தோல் எளிதில் கருகும்.

முதல் வேளைக்குப் பிறகு சில மணி நேரத்தில் சிலருக்குக் குளிர் தூக்கிப்போடும், காய்ச்சல் ஏறும், ரத்த அழுத்தம் இறங்கும். கிருமிகள் கூட்டமாகச் சாவதன் விளைவு அது. ஒரு நாளுக்குள் அடங்கும். 'மருந்து ஒத்துக்கல' என்று நிறுத்திவிடக் கூடாது. ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சில் விசில் சத்தம் வந்தால் அது அலர்ஜி, உடனே மருத்துவமனை. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். விட்டதும் மாத்திரையை நிறுத்தாமல் ஏழு நாளும் முடிக்க வேண்டும். மூன்று நாளாகியும் விடாவிட்டால் டாக்டர் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

எப்போது வார்டில் சேர்க்க வேண்டும்

பத்தில் ஒன்பது பேருக்கு நோய் மிதமாகவே போய்விடும். மீதமுள்ளவருக்கு நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் நோய் கடுமையாகத் திரும்பும். காய்ச்சல் ஒரு நாள் விட்டது போலிருந்து மறுபடி வரும்போது இன்னும் கவனம்.

கண் மஞ்சள். இங்கேதான் கீழாநெல்லி வந்து குறுக்கே நிற்கிறது. மஞ்சள் என்றதும் மருந்தை நிறுத்தி, பத்தியம் வைத்து, பச்சிலை அரைத்துக் கொடுத்து மூன்று நாள் போய்விடும். ஒரு வேறுபாடு தெரிந்தால் போதும்: வைரஸ் மஞ்சள்காமாலையில் கண் மஞ்சளாகும் நேரத்தில் காய்ச்சல் பெரும்பாலும் விட்டிருக்கும். மஞ்சளும் காய்ச்சலும் ஒன்றாக நின்றால், கூடவே ஆடுசதை வலியும் இருந்தால், அது அரைத்துக் குடிக்கும் மஞ்சள்காமாலை கிடையாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மஞ்சள் இருக்கும்போது பாராசிட்டமாலும் அளவோடுதான், ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது.

சிறுநீர். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வெட்டி, 100 மி.லி.க்கு ஒரு கோடு போட்டு, 24 மணி நேரமும் அதில் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். 400 மி.லி.க்குக் கீழே போனால் தாமதமின்றிச் சேர்க்க வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. எலிக்காய்ச்சலில் சிறுநீர் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் செயலிழக்கும், பொட்டாசியமும் இறங்கும். மற்ற பல சிறுநீரகக் கோளாறுகளில் பொட்டாசியம் ஏறும் என்பதால் இது வினோதம். ஆக, 'ஒண்ணுக்கு நல்லாத்தான் போறாரு' என்பதால் கிரியேட்டினின் டெஸ்டைத் தவிர்க்கக் கூடாது.

மிகப் பயங்கரமானது நுரையீரல் ரத்தக்கசிவு. மஞ்சளே இல்லாமலும் வரும். இருமலில் கோடு போல ரத்தம், பேசும்போது மூச்சு வாங்குவது, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே இறங்குவது. இதற்கு மணிக்கணக்குதான், நாள் கணக்கு கிடையாது. இந்த நிலையை அடைந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இறந்த இடங்கள் உண்டு. 108-ஐக் கூப்பிடுங்கள். ஆட்டோவில் ஏற்றி, பேசின் பிரிட்ஜ் நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வார்டில் பென்சிலின் ஜி 15 லட்சம் யூனிட் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது செஃப்ட்ரையாக்ஸோன் 1 முதல் 2 கிராம் தினம் ஒருமுறை, நரம்பில், 7 நாள். சிறுநீரகம் படுத்தால் டயாலிசிஸ். டயாலிசிஸ் என்றதும் 'வாழ்நாள் முழுக்கவா?' என்று வீட்டார் பயந்து கையெழுத்துப் போட மறுப்பதுண்டு. இந்த நோயில் சிறுநீரகம் பெரும்பாலும் முழுதாகத் திரும்பிவிடும், சில தடவை செய்தால் போதும். சீக்கிரம் தொடங்குவதுதான் உயிரைக் காக்கும். பிளேட்லெட் குறைந்திருக்கும்போது இடுப்பில் ஊசி போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், தசைக்குள் ரத்தம் கட்டும்.

வழி: காய்ச்சல் மட்டும் என்றால் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். கண் சிவப்பு, ஆடுசதை வலி சேர்ந்தால் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை. மஞ்சள், மூச்சு, சிறுநீர் என்றால் நேரே ஸ்டான்லி. நோயாளியைத் தனிமைப்படுத்த வேண்டியதில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது சாதாரணமாகப் பரவாது. சிறுநீரைச் சுத்தம் செய்பவர் கையுறை போட்டால் போதும்.

வீட்டிலும் தொழுவத்திலும்

தண்ணீர் வடிந்ததும் முதலில் சேற்றைச் சோப்புத்தண்ணீரால் கழுவித் தள்ளுங்கள், பிறகுதான் பிளீச்சிங் பவுடர். சேற்றின் மேலேயே பவுடரைத் தூவுவது வெறும் வாசனைக்குத்தான், குளோரினைச் சேறு தின்றுவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பவுடர், தரையில் ஊற்றி 30 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். அன்றன்று கலக்கியதை அன்றே பயன்படுத்துங்கள். ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். வெள்ளத்தண்ணீர் புகுந்த 'சம்ப்' என்ற நிலத்தடித் தொட்டியை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத்தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள்.

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி எறியாமல், மேலே பிளீச்சிங் கரைசலை ஊற்றி, பத்து நிமிடம் கழித்துக் கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டி எடுங்கள். கம்பூட் நல்லதுதான், ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் கால் மணிக்கணக்கில் ஊறும்.

வெள்ளத்தில் இறங்கியே ஆக வேண்டிய துப்புரவுப் பணியாளர், மீட்புப் பணியாளருக்கு டாக்டர்கள் வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் 200 மி.கி. கொடுப்பதுண்டு, அதிகபட்சம் ஆறு வாரம். அது நூறு சதவீதக் கவசம் இல்லை. போட்டுக்கொண்டவருக்குக் காய்ச்சல் வந்தாலும் மேலே சொன்ன கணக்கு பொருந்தும்.

மாட்டுக்குத் திடீரெனக் கரு கலைந்து கன்று விழுந்துவிட்டால், பால் சட்டென்று வற்றினால், சிறுநீர் சிவந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். வளர்ப்பு நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்டதோடு கடமை முடிந்தது என்று இருக்கிறார்கள். பல நோய்க்குச் சேர்த்துப் போடும் ஊசியில் லெப்டோவும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முதல் வருடம் சில வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுக்கு ஒன்று.

குணமான பிறகு

களைப்பு சில வாரம் இருக்கும். கிரியேட்டினினை இரண்டு வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள். கண்ணை மட்டும் மாதக்கணக்கில் கவனிக்க வேண்டும். 1993-ல் மதுரைப் பகுதியில் பெருவெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டில் அங்கே கண்ணின் உள்ளழற்சியோடு நோயாளிகள் கூட்டமாக வந்தார்கள். காரணம் லெப்டோஸ்பைரா என்று பிறகு தெரிந்தது. காய்ச்சல் போய் மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துக் கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால், கடையில் சொட்டு மருந்து வாங்காமல் எழும்பூர் கண் மருத்துவமனைக்குப் போங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.